ஃபார்மட் அடிச்சிரலாங்ளா?

கோயமுத்தூர் வட்டாரத்துல கம்ப்யூட்டருக்கு என்ன நோவு வந்தாலும் மருந்து ஒண்ணேதானுங்க. மெதுவா ஓடுதா? ஃபார்மட். நின்னு நின்னு போகுதா? ஃபார்மட். பிரிண்ட் வரலையா? அதுக்கும் ஃபார்மட்தான். சர்வீஸ் தம்பி தோள்ல மாட்டுன பையைக் கீழ இறக்கறதுக்கு முன்னாடியே "ஃபார்மட் அடிச்சிரலாங்ளா?"ம்பாரு. நாமளும் தலையாட்டிருவோம். ரெண்டு நாள் நல்லா ஓடும். மூணாவது நாள் மறுபடியும் அதே வெள்ளைத் திரை, அதே 'நாட் ரெஸ்பாண்டிங்'.

இந்தப் பழக்கத்தைத் திட்டறதுக்குத்தான் இந்தப் பதிவு. குறிப்பா ஃபோட்டோ எடிட்டிங் பண்றவங்க மெஷின்ல இதைப் பண்ணவே கூடாதுங்கறது என் கட்சி.

எனக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. நான் தொழில்முறை ஃபோட்டோகிராபர் இல்லைங்க. பகல்ல ஒரு பம்ப் கம்பெனியில கணக்கு எழுதறேன். சாயங்காலமும் ஞாயித்துக்கிழமையும் கேமராவைத் தூக்கிக்கிட்டு ஆனைமலை, வால்பாறைன்னு சுத்தறது, வந்து படத்தை நோண்டறது. அந்தப் பழக்கத்துல நாலஞ்சு ஸ்டூடியோக்காரங்க சிநேகிதம். ஃபோட்டோஷாப் படுத்துக்கிச்சுன்னா சர்வீஸுக்கு அடுத்து எனக்குத்தான் போன் வரும். காசு குடுக்க வேண்டியதில்லை பாருங்க, ஒரு டீ போதும் :-)

பம்ப் கம்பெனின்னு சொன்னதால ஒண்ணு சொல்றேன். தோட்டத்துல மோட்டார் ஓடுது, தண்ணி எடுக்கலை. உடனே யாராவது காயில் கட்டக் குடுப்பாங்களா? கிணத்துல தண்ணி இருக்கான்னு எட்டிப் பாப்பாங்க. ஃபுட் வால்வுல குப்பை அடைச்சிருக்கான்னு பாப்பாங்க. பைப்புல காத்து வாங்குதான்னு பாப்பாங்க. அஞ்சாங்கிளாஸ் படிச்ச தோட்டத்துக்காரரு இவ்வளவும் பாத்துட்டுத்தான் மோட்டாரைக் கழட்டுவாரு. அம்பதாயிரம், எம்பதாயிரம் போட்டு வாங்குன கம்ப்யூட்டருக்கு மட்டும் அந்த மரியாதை இல்லை. நேரா காயில் கட்டறதுதான்.

சரி, கிணத்தை எட்டிப் பாப்போம்.

நம்மூர்ல கல்யாண ஆல்பம்னா 12க்கு 36 இஞ்ச் கரிஷ்மா ஆல்பம்தான். லேப்ல 300 டிபிஐ கேப்பாங்க. கணக்குப் போடுங்க. 3600 பெருக்கல் 10800. கிட்டத்தட்ட 3 கோடியே 89 லட்சம் புள்ளி. ஒரு புள்ளிக்கு சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு பைட். ஆக ஒரே ஒரு லேயர், ஒண்ணுமே பண்ணாத வெறும் பின்னணி, 117 எம்பி சுமாருக்கு மெமரியில உக்காந்துக்கும். 16 பிட்ல வேலை செஞ்சா அதுவே ரெட்டிப்பு. அது மேல பத்து ஃபோட்டோ வைக்கறோம். 24 மெகாபிக்சல் கேமராவுல எடுத்த ஒரு படம் விரிச்சா 72 எம்பி. அதைச் சின்னதாக்காம ஸ்மார்ட் ஆப்ஜெக்டா அப்படியே இழுத்துப் போட்டா பத்து படம் 720 எம்பி. ஜேபெக் ஃபைல் வெறும் 8 எம்பிதானேன்னு நினைச்சிராதீங்க. அது சுருட்டி வச்ச பாய். விரிச்சாத்தான் எவ்வளவு இடம் அடைக்குதுன்னு தெரியும்.

இதோட முடியலைங்க. ஹிஸ்டரின்னு ஒண்ணு இருக்கு. நாம தப்புப் பண்ணா பின்னாடி போறதுக்கு ஒவ்வொரு படியையும் ஞாபகம் வச்சுக்கும். பழைய பதிப்புகள்ல 20 படி, இப்ப 50 படி. சின்னப் பிரஷ்ஷால ஒரு இடத்தைத் தொட்டா அந்தத் துண்டை மட்டும்தான் சேமிக்கும், பரவாயில்லை. ஆனா முழுப் பக்கத்துக்கும் ஒரு ஃபில்டர் போட்டா முழுப் பக்கமும் இன்னொரு தடவை. அப்படி 20 தடவை போட்டா 2.3 ஜிபி. 50 தடவைன்னா 5.8 ஜிபி. பொண்ணு மாப்பிள்ளை மூஞ்சியை மாவு மாதிரி வழவழன்னு ஆக்கற பிளக்-இன்னை எத்தனை தடவை ஓட்டறாங்கன்னு ஸ்டூடியோவுல பக்கத்துல உக்காந்து பாருங்க, இந்தக் கணக்கு எச்சா இல்லைன்னு புரியும்.

மெமரி நிறைஞ்சா ஃபோட்டோஷாப் என்ன பண்ணும்? ஹார்ட் டிஸ்க்ல எடம் புடிச்சு அங்க எழுதும். அதுக்குப் பேரு ஸ்கிராட்ச் டிஸ்க். நாம ஒண்ணும் சொல்லலைன்னா அது சி டிரைவ்தான். நம்மூர் கம்ப்யூட்டர்ல சி டிரைவ் எப்படி இருக்கும்? 100 ஜிபி பிரிச்சு வச்சிருப்பாங்க. விண்டோஸ், டெஸ்க்டாப் முச்சூடும் கொட்டி வச்ச ஃபோல்டர், டவுன்லோடு பண்ண தெலுங்குப் படம் எல்லாம் போக மிச்சம் 3 ஜிபி சிவப்புக் கோட்டுல நிக்கும். ஃபோட்டோஷாப் எங்க போய் எழுதும் பாவம்?

இதுல இன்னொரு கூத்து. கரண்ட் போய் மெஷின் அணைஞ்சாலோ, ஃபோட்டோஷாப் பாதியில செத்தாலோ, அது எழுதி வச்ச தற்காலிக ஃபைல் அழியாம டெம்ப் ஃபோல்டர்ல அப்படியே கிடக்கும். 'ஃபோட்டோஷாப் டெம்ப்'னு ஆரம்பிக்கற பேர்ல. ஒண்ணொண்ணும் ஜிபி கணக்குல. 2012-ல கோவையில கரண்ட் கட் எப்படி இருந்துச்சுன்னு நம்ம பதிவர்களுக்கு நான் சொல்லணுமா? ஒரு நாள்ல பத்து மணி நேரத்துக்கு மேல இல்லாத நாளெல்லாம் இருந்துச்சு. அந்த வருஷம் ஒரு ஸ்டூடியோ மெஷின்ல இந்த அனாதை ஃபைல் மட்டும் 60 ஜிபிக்குக் கிடந்துச்சு. ஃபோட்டோஷாப்பை மூடிட்டு அதை அழிச்சேன், அவ்வளவுதான். மெஷின் ஓட ஆரம்பிச்சிருச்சு. அந்த அண்ணன் என்னமோ நான் மந்திரிச்சு விட்ட மாதிரி பாத்தாரு.

இதெல்லாம் கண்டுபுடிக்க சாமியார் வேண்டாம். ஃபோட்டோஷாப் சன்னலோட அடியில இடது பக்கம் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். அதை அமுக்கி 'எஃபிஷியன்சி'ன்னு மாத்தி வைங்க. 100 சதம்னு காட்டுனா மெமரிக்குள்ளயே வேலை நடக்குதுன்னு அர்த்தம். 100க்குக் கீழ இறங்குனா டிஸ்க்ல எழுத ஆரம்பிச்சிருச்சு. 60, 50ன்னு காட்டுனா ரேம் போடறதோ, ஸ்கிராட்சை வேகமான எஸ்எஸ்டிக்கு மாத்தறதோ பலன் தரும். 100 சதம் காட்டிக்கிட்டே மெதுவா ஓடுனா நீங்க எத்தனை ரேம் வாங்கிப் போட்டாலும் காசுதான் தண்டம். இந்த ஒரு எண்ணைப் பாக்காம காந்திபுரம் போய் ரேம் வாங்குனவங்களை எனக்குத் தெரிஞ்சே ஏழெட்டுப் பேரைச் சொல்லலாம்.

ரேம் பத்திப் பேசறப்ப 7.0 பக்தர்களையும் கவனிச்சிரலாம். 2002-ல வந்த ஃபோட்டோஷாப் 7.0 இன்னிக்கும் சில ஸ்டூடியோவுல ஓடுதுங்க. "கை பழகிருச்சு தம்பி"ம்பாங்க. தப்பில்லை, எனக்கும் அது மேல பாசம் உண்டு. ஆனா அது 32 பிட் சாஃப்ட்வேர். நீங்க 16 ஜிபி போட்டாலும் 64 ஜிபி போட்டாலும் அதோட கைக்கு எட்டறது 2 ஜிபிதான். விண்டோஸ்ல 64 பிட் ஃபோட்டோஷாப் வந்தது 2008-ல, சிஎஸ்4-லதான். 7.0 வச்சுக்கிட்டு 32 ஜிபி ரேம் போடறது, அரை இஞ்ச் பைப்பைப் போட்டுட்டு கிணத்தை மட்டும் ஆழமா வெட்டற கதை.

அடுத்தது என்னோட ஃபேவரிட். இதைப் பத்தி நம்மூர்ல யாரும் பேசிக் கேட்டதில்லை, அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன், பொறுத்துக்குங்க.

நம்ம ஆல்பம் டிசைனருங்க யாரும் வெறும் பக்கத்துல இருந்து ஆரம்பிக்கறதில்லை. பி.எஸ்.டி டெம்ப்ளேட்தான். பூ, தோரணம், சக்கரம், ஹார்ட்டின், 'வெட்டிங் மொமெண்ட்ஸ்'னு சாஞ்ச எழுத்து எல்லாம் போட்டு ரெடியா இருக்கும். ஒருத்தர் சிவகாசியில வாங்குவாரு, திருப்பூர்க்காரர் அதுல ரெண்டு பூவை மாத்துவாரு, அவர்கிட்ட இருந்து பென் டிரைவ்ல பல்லடம், அங்கிருந்து உடுமலைன்னு ஊர் ஊராப் போகும். டிவிடி காலத்துல இருந்து வாட்ஸப் காலம் வரைக்கும் இது நிக்கவே இல்லை.

ஒரு டாக்குமெண்ட்ல இருந்து லேயரை எடுத்து இன்னொண்ணுல போட்டா, அந்தப் பழைய டாக்குமெண்டோட அடையாள எண்ணை ஃபோட்டோஷாப் புது ஃபைலோட மெட்டாடேட்டாவுல குறிச்சு வைக்கும். 'டாக்குமெண்ட் ஆன்செஸ்டர்ஸ்'னு பேரு. ஆன்செஸ்டர்னா மூதாதை. அதாவது இந்த லேயர் எந்தக் குடும்பத்துல இருந்து வந்துச்சுங்கற வம்சாவளி. அந்த மூதாதைக்கு இருந்த மூதாதைகளும் ஒட்டுக்கா வந்து சேந்துக்கும். பத்து வருஷமா கை மாறி மாறி வந்த டெம்ப்ளேட்டை யோசிச்சுப் பாருங்க. லட்சக்கணக்குல சேந்திருக்கும். ஒரு எண்ணுக்கு நூறு எழுத்துன்னு வச்சாலும் லட்சம் எண்ணுக்கு 10 எம்பி. வெறும் எழுத்து மட்டும் 10 எம்பி! அதை ஒவ்வொரு தடவை திறக்கறப்பவும் படிக்கணும், சேமிக்கறப்பவும் எழுதணும். அந்த டெம்ப்ளேட்ல இருந்து ஒரே ஒரு பூவை எடுத்து உங்க சுத்தமான ஃபைல்ல போட்டாலும், மொத்த வம்சமும் ஒறம்பரையாட்ட வந்து எறங்கிரும். ஒரு ஆளைக் கூப்பிட்டா ஊரே வந்த கதை.

பொள்ளாச்சி ரோட்டுல இருக்கற ஒரு ஸ்டூடியோ அண்ணன் மெஷின்ல இதைத்தான் பாத்தேன். புது மெஷின், 32 ஜிபி ரேம், எஸ்எஸ்டி எல்லாம் இருக்கு. எஃபிஷியன்சி 100. ஆனா சேவ் குடுத்தா ரெண்டு நிமிஷம் உறைஞ்சு போகுது. ரெண்டு தடவை ஃபார்மட் ஆயிருச்சு. "தம்பி, மெஷின் ராசியில்லைங்கறாங்க, வடக்க பாத்து வச்சிருந்தேன், திருப்பி வச்சுப் பாத்தேன்"னாரு. சிரிக்காதீங்க, காசு போட்டவனுக்குத்தான் வெசனம் தெரியும். நான் அவரு ஃபைலோட ஒரு காப்பியை எடுத்து, லேயரை எல்லாம் ஒண்ணாக்கி, 10க்கு 10 புள்ளி அளவுக்கு வெட்டி, ஜேபெக்கா சேமிச்சேன். நூறு புள்ளி இருக்கற படம் எத்தனை இருக்கணும்? சில கேபி. வந்தது 14 எம்பி! மூதாதைங்கதான் உள்ள உக்காந்திருந்தாங்க.

இந்தச் சோதனையை நீங்களும் பண்ணிப் பாக்கலாம், அஞ்சு நிமிஷ சோலி. சிக்குனா, அந்தப் பட்டியலை மட்டும் அழிக்கற சின்ன ஸ்கிரிப்ட் இணையத்துல கிடைக்குது. ஃபைலைக் காப்பி எடுத்து வச்சுக்கிட்டு ஓட்டுங்க. ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் இருந்தா அதுக்குள்ளயும் தனியா ஓட்டணும், அதுக்குன்னு ஒரு வம்சம் இருக்கும். முக்கியமா பாருங்க, இந்த நோய் இருக்கறது ஃபைலுக்குள்ள. விண்டோஸை நூறு தடவை ஃபார்மட் பண்ணாலும் இது போகவே போகாது. எத்தனை புது மெஷின் வாங்குனாலும் பென் டிரைவ்ல கூடவே வந்துரும்.

அடுத்து ஃபான்ட். இது தமிழன் தனக்குத்தானே வச்சுக்கிட்ட சூனியம்.

பழைய ஃபோட்டோஷாப்ல யூனிகோட் தமிழ் அடிச்சா கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்னு பிச்சுக்கிட்டு நிக்கும். அதனால பாமினி மாதிரி பழைய ஃபான்ட்டுங்கதான் கதி. ஒவ்வொரு பத்திரிகைக்காரரும், ஃப்ளெக்ஸ்காரரும் ஒவ்வொரு ஃபான்ட்ல குடுப்பாங்க. எல்லாத்தையும் வாங்கி வாங்கி மெஷின்ல போட்டு, ஆயிரம் ரெண்டாயிரம் ஃபான்ட் சேந்திருக்கும். ஃபோட்டோஷாப் திறக்கறப்ப எல்லாத்தையும் படிச்சுப் பட்டியல் போட்டாகணும். அதுல ஒரு ஃபான்ட் கெட்டுப் போயிருந்தாலும் டெக்ஸ்ட் டூலைத் தொட்டவுடனே உறையும், இல்லாட்டி மொத்தமாவே மூடிக்கும்.

இத்தனைக்கும் 2010 ஜூன்ல நம்ம கோவையில செம்மொழி மாநாடு நடந்தப்பத்தான் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் தரமா ஏத்துக்கிட்டதா ஆணை போட்டுச்சு. பதிவர்கள் நாமெல்லாம் அதுக்கு முன்னாடியே யூனிகோடுக்கு வந்துட்டோம். திஸ்கியில எழுதுனவங்க, இ-கலப்பையோட மல்லுக்கட்டுனவங்க நம்மள்லயே எத்தனை பேரு! பிற்பாடு ஃபோட்டோஷாப்லயும் தெற்காசிய எழுத்துகளுக்கான ஏற்பாடு வந்துச்சு. ப்ரிஃபரன்ஸஸ்ல டைப் பகுதியில மாத்திட்டா யூனிகோட் தமிழ் ஒழுங்கா நிக்கும். ஆனா ஸ்டூடியோவுல இன்னும் பாமினிதான். தேவையான இருவது முப்பது ஃபான்ட்டை மட்டும் போட்டுட்டு மிச்சத்தை ஒரு ஃபோல்டர்ல தனியா வச்சுக்குங்கன்னா "எப்ப எது கேப்பாங்கன்னு தெரியாதே தம்பி"ங்கறாங்க. கேக்கறப்ப போட்டுக்கலாங்ணா, அரை நிமிஷ வேலை.

(ஃபான்ட் படிக்கற நேரத்துல வர்ற ஆரம்பத் திரையில வரிசையா பேரு ஓடும் இல்லைங்களா. அதுல சீதாராமன் நாராயணன்னு நம்ம பக்கத்துப் பேரு ஒண்ணு ரொம்ப வருஷமா இருந்துச்சு, கவனிச்சிருப்பீங்க. மெஷின் மெதுவா இருந்ததால நமக்குக் கெடைச்ச ஒரே நல்ல விஷயம், அந்தப் பேரை நிதானமா படிக்க முடிஞ்சது :-))

மத்ததைச் சுருக்கமா சொல்லிர்றேன். கிராபிக்ஸ் கார்டு டிரைவர் தகராறுன்னா, ப்ரிஃபரன்ஸஸ்ல பெர்ஃபார்மன்ஸ் போய் 'யூஸ் கிராபிக்ஸ் ப்ராசஸர்' டிக்கை எடுத்துட்டு ஃபோட்டோஷாப்பை மூடித் திறந்து பாருங்க. சரியாச்சுன்னா டிரைவரை மாத்தணும். பழைய பதிப்புகள்ல, அணைச்சு வச்ச நெட்வொர்க் பிரிண்டர் டீபால்ட்டா இருந்தா அதைத் தேடியே மெஷின் நிக்கும். மைக்ரோசாஃப்ட்டோட பி.டி.எஃப் பிரிண்டரை டீபால்ட் ஆக்கிட்டா தீர்ந்துச்சு. ஃபோட்டோஷாப்போட செட்டிங் ஃபைலே கெட்டுப் போறதும் உண்டு. திறக்கறப்ப கண்ட்ரோல், ஆல்ட், ஷிப்ட் மூணையும் அமுக்கிப் புடிச்சா அழிக்கட்டுமான்னு கேக்கும். ஆக்‌ஷன், பிரஷ்ஷை எல்லாம் முன்னாடியே தனியா சேமிச்சுக்குங்க. வேலையை வெளி ஹார்ட் டிஸ்க்ல வச்சு நேரா அதுலயே செய்யறவங்க, கேபிள் எந்தப் பொத்துல மாட்டியிருக்குன்னு பாருங்க. யூஎஸ்பி 2.0ன்னா நடைமுறையில நொடிக்கு 30, 40 எம்பிதான். ஒரு ஜிபி ஃபைலைத் திறக்க அரை நிமிஷம் ஆகறதுக்கு ஃபோட்டோஷாப் என்ன பண்ணும்? ரேம்ல 100 சதமும் ஃபோட்டோஷாப்புக்கேன்னு ஒதுக்கி வைக்கற புத்திசாலிகளும் இருக்காங்க. விண்டோஸும் பொழைக்கணுமில்லைங்க. அது தானா வச்சிருக்கற 70 சதவீதம் பக்கமே இருக்கட்டும்.

இப்ப, எதுக்கு இவ்வளவு கோவமா எழுதறேன்னு சொல்றேன்.

மெஷின் உறையறதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஹார்ட் டிஸ்க் சாகப் போகுது. டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க் 100 சதம்னு காட்டும், ஆனா வேகம் பாத்தா நொடிக்கு சில நூறு கேபிதான் இருக்கும். சில டிஸ்க்குல 'டிக் டிக்'னு சத்தமும் வரும். ஒரே இடத்தைத் திருப்பித் திருப்பிப் படிக்க முயற்சி பண்ணிக்கிட்டிருக்குன்னு அர்த்தம். அந்த நேரத்துல பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். உள்ள இருக்கற படத்தை எல்லாம் வேற டிஸ்க்குக்கு எடுக்கணும். அதுவரைக்கும் வேற எதையும் தொடக்கூடாது. அந்த நேரத்துலதான் நம்மாளுங்க ஃபார்மட் அடிக்கறாங்க.

அன்னூர்ப் பக்கம் ஒரு சின்ன ஸ்டூடியோ. ஒரே ஆள்தான், அவருக்கு சம்சாரம் ஒத்தாசை. தை மாசம், கையில மூணு கல்யாண ஆல்பம். மெஷின் உறையுதுன்னு ஒருத்தரைக் கூப்பிட்டிருக்காரு. வந்தவரு சி டிரைவை மட்டும் அடிக்கறேன்னு ஆரம்பிச்சு, பார்ட்டிஷன் சரியில்லைன்னு எல்லாத்தையும் ஒண்ணாக்கிப் புதுசா பிரிச்சுட்டாரு. டி டிரைவ்ல இருந்த கல்யாணம் மூணும் போச்சு. கேமரா கார்டை எல்லாம் அடுத்த முகூர்த்தத்துக்கு ஏற்கெனவே அழிச்சாச்சு.

அந்த மூணுல ஒரு கல்யாணத்துல பொண்ணோட அப்பாரு இணைச்சீர் நடக்கறப்ப முன்னால உக்காந்து எல்லாரையும் அதிகாரம் பண்ணிக்கிட்டு இருந்திருக்காரு. எண்பது தாண்டுன பெரியவரு. அருமைக்காரருக்கே முறை சொல்லிக் குடுத்தாராமா. கல்யாணம் முடிஞ்சு மூணாவது வாரம் தவறிட்டாரு. வீட்ல மாட்டறதுக்கு அந்தப் படம்தான் வேணும்னு வந்து நிக்கறாங்க. அந்தப் பேத்தி கத்தலை, சண்டை போடலை. "அண்ணா, எங்க அப்பாரு சிரிச்ச படம் ஒண்ணாச்சும் கிடைக்குமாங்ணா"ன்னு மட்டும் கேட்டுச்சாம். அவரு எனக்குப் போன் பண்ணப்ப பேச முடியலைங்க.

அது பழைய வகை ஹார்ட் டிஸ்க்குங்கறதால ஒரு வழி இருந்துச்சு. அதுல ஃபார்மட் பண்ணா பெரும்பாலும் பட்டியல்தான் அழியும், படம் அங்கயேதான் கிடக்கும், அது மேல வேற எதையாவது எழுதற வரைக்கும். நல்ல வேளை, அதுக்கு மேல ஒண்ணும் போடாம நிறுத்திட்டாங்க. டிஸ்க்கைக் கழட்டி வேற மெஷின்ல மாட்டி, ஃபோட்டோரெக்னு ஒரு இலவச சாஃப்ட்வேரை ஓட்டுனோம். ராத்திரி முச்சூடும் ஓடுச்சு. பேரில்லாம, வரிசையில்லாம ஆயிரக்கணக்குல படம் வந்து விழுந்துச்சு. புதுசா விண்டோஸ் எழுதுன இடத்துல இருந்ததெல்லாம் போயிருச்சு. பாதி சாம்பலா, பாதி முகமா நெறைய. அப்பாரு சிரிச்ச படம் ரெண்டு முழுசா கிடைச்சுது. இன்னொரு வீட்டுத் தாலி கட்டற நேரம் மொத்தமா கிடைக்கலை. அந்த வீட்டுக்கு அவரு பணத்தைத் திருப்பிக் குடுத்தாரு. திட்டும் வாங்கிக்கிட்டாரு.

இதே எஸ்எஸ்டியா இருந்திருந்தா அதுவும் கிடைச்சிருக்காது. அதுல 'ட்ரிம்'னு ஒரு ஏற்பாடு, ஃபார்மட் ஆன கொஞ்ச நேரத்துல டிஸ்க்கே உள்ள இருக்கறதைத் துடைச்சு வச்சிரும். வேகத்துக்காக எல்லாரும் எஸ்எஸ்டிக்கு மாறிக்கிட்டு இருக்கோம், மாறணும்தான். ஆனா எஸ்எஸ்டியில 'ஃபார்மட் அடிச்சிரலாங்ளா'ங்கற கேள்விக்கு அர்த்தமே வேற.

சர்வீஸ் தம்பிங்களை மட்டும் குத்தம் சொல்லி என்ன பண்ண. ஒரு வீட்டுக்கு வந்தா முந்நூறு, ஐந்நூறு குடுப்போம். ரெண்டு மணி நேரம் உக்காந்து காரணத்தைத் தேடுனா "என்னப்பா பாத்துக்கிட்டே இருக்கே"ன்னு கேப்போம். ஃபார்மட் அடிச்சாத்தான் வேலை செஞ்ச மாதிரி தெரியுது. காரணம் தேடறதுக்கும் கூலி உண்டுன்னு நாம ஒத்துக்கற வரைக்கும் அவங்க ஃபார்மட்தான் அடிப்பாங்க. டாக்டர்கிட்ட ஊசி போடலைன்னா காசு குடுக்க மனசு வராத ஊருதானே நம்முளுது.

அப்புறம் கிராக். இதைச் சொன்னா ஸ்டூடியோ அண்ணனுங்களுக்கு என் மேல கோவம் வரும், பரவாயில்லை. 2013-ல அடோபி மாச வாடகைத் திட்டத்துக்கு மாறுச்சு. வருஷத்துல ஆடியும் மார்கழியும் முகூர்த்தம் இல்லாத தொழிலுக்கு மாசா மாசம் கட்டறது கஷ்டம்தான், மறுக்கலை. அதுக்காக எவனோ ஏத்தி வச்ச கிராக்கை, ஆன்டிவைரஸை அணைச்சுட்டுப் போடுன்னா போடறது நியாயமா? 2018-ல இருந்து 'ஸ்டாப்'னு ஒரு ரான்சம்வேர் குடும்பம் முக்கியமா இந்தக் கிராக் வழியாத்தான் பரவுச்சு. மொத்தப் படத்தையும் பூட்டிட்டுப் பணம் கேக்கும். அந்த அளவுக்குப் போகாத கிராக்கும், பின்னாடி உக்காந்து உங்க ப்ராசஸர்ல வேற எவனுக்கோ காசு தோண்டிக்கிட்டு இருக்கலாம். "ஃபோட்டோஷாப் மெதுவா இருக்கு"ம்பீங்க. ஃபோட்டோஷாப் வேலையே செய்யாதப்பவும் ப்ராசஸர் எகிறிக்கிட்டு நின்னா கொஞ்சம் சந்தேகப்படுங்க.

வாடகை கட்ட முடியாதவங்களுக்கு கிம்ப் இருக்கு. 2025 மார்ச்ல 3.0 வந்தாச்சு, முன்னாடி மாதிரி இல்லை, மூல லேயரைக் கெடுக்காம எஃபெக்ட் போடலாம். ஆல்பம் டெம்ப்ளேட் தொழிலுக்கு அது முழுசா ஒத்து வராதுன்னு எனக்குத் தெரியும், பி.எஸ்.டி-யில பாதி விஷயம் சரியா வராது. ஆனா பாஸ்போர்ட் ஃபோட்டோ, பழைய படம் சரி பண்றது, கலர் கரெக்‌ஷன் இதுக்கெல்லாம் தாராளமா போதும். நான் ஆனைமலைப் படத்தை எல்லாம் அதுலதான் பண்றேன்.

கடைசியா கல்யாணம் வைக்கற வீட்டுக்காரங்களுக்கு. ஸ்டூடியோவுல அட்வான்ஸ் குடுக்கறப்பவே, எடுத்த படம் எல்லாத்தையும் கல்யாணம் முடிஞ்ச வாரத்துலயே உங்க சொந்த ஹார்ட் டிஸ்க்ல போட்டுத் தரச் சொல்லிப் பேசிக்குங்க. ஆல்பம் மெதுவா வரட்டும், அவசரமில்லை. டிஸ்க்கை நீங்களே வாங்கிக் குடுங்க, பந்தியில ஒரு ஸ்வீட்டைக் குறைச்சா அந்தக் காசு வந்துரும். ஸ்டூடியோக்காரரு யோசிப்பாரு, "அப்புறம் ஆல்பத்துக்கு வராமப் போயிட்டா?"ன்னு. மிச்சப் பணத்துல பாதியை அப்பவே குடுத்திருங்க. அன்னூர்க்காரரு இப்ப இப்படித்தான் பண்றாரு. கேமரா கார்டையும் ஆல்பம் குடுக்கற வரைக்கும் அழிக்கறதில்லை. போன ஆடியில சும்மா இருந்த நேரத்துல உக்காந்து, அவருகிட்ட இருந்த டெம்ப்ளேட்டை எல்லாம் ஒண்ணொண்ணா மூதாதை நீக்கி வச்சுக்கிட்டோம். நானூத்திச் சொச்சம் ஃபைலுங்க. அந்த ஸ்கிரிப்ட் எப்படி ஓட்டறதுன்னு படத்தோட தனிப் பதிவா போடறேன், இந்த வாரம் ஆடிட்டிங் இருக்கறதால அடுத்த ஞாயித்துக்கிழமை.

டிஸ்கி: தலைப்பைப் பாத்துட்டு கம்ப்யூட்டர் ஃபார்மட் பண்றது எப்படின்னு தேடி வந்தவங்க மன்னிக்கணும். ஹி ஹி.